நாலாம் வண்டியின் சிவப்புக் கோடு

முப்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். என் வலது காது கேட்பதை நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். சிறுவயதில் விசைத்தறிச் சத்தம், பிறகு எஞ்சின் சத்தம். மருத்துவச் சோதனையில் தேறவில்லை. விமானக் கொட்டகையை விட்டு வந்து இப்போது பள்ளிபாளையத்தில் பம்ப்செட் பழுது பார்க்கிறேன்.

நான் படித்த பயிற்சி நிலையத்துப் பிள்ளைகள் மட்டும் என்னை விடுவதில்லை. சமீபத்தில் ஒருவன் ஒரு புரொப்பெல்லர் படத்தை அனுப்பி, "அண்ணா, பிளேடு அடியில கொஞ்சம் கிரீஸ் தெரியுது. தொடச்சிட்டு விட்டுடலாமா?" என்று கேட்டிருந்தான். 'கூடாது' என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன். ஏன் கூடாது என்று அவன் மறுபடி கேட்டான். அதற்குப் பதிலாகத்தான் உங்கள் நிலையத்தின் ஆண்டு மலருக்கு இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் குமாரபாளையம். அப்பா அம்மா இருவரும் தறி ஓட்டினார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான்தான். விமானப் பராமரிப்புப் படிக்கப் போகிறேன் என்றதும் அப்பா தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏரோப்பிளேன்ல ஏறி ஓட்டறதா, இல்ல கீழ நின்னு தொடைக்கறதா?"

"தொடைக்கறதுங்கப்பா."

"அப்பச் செரி. கீழ உழுந்து அடிபட மாட்டே."

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆங்கிலக் கையேடுகளைக் கண்ணீர் வர வர மனப்பாடம் செய்தேன். போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கற்றேன். எதைத் தொடக் கூடாது என்பதை வேலையில் சேர்ந்த பிறகுதான் கற்றேன்.

வேலை கிடைத்தது ஒரு தனியார் விமானப் பயிற்சிப் பள்ளியில். சங்ககிரிக்கும் எடப்பாடிக்கும் இடையில், சோளக்காட்டுக்கு நடுவே ஒரு நீண்ட ஓடுதளம், ஒரு தகரக் கொட்டகை, ஒரு ரேடியோ அறை. அந்தப் பள்ளி இப்போது இல்லை. வடமேற்கே மேட்டூர் அனல்மின் நிலையப் புகைபோக்கியின் புகை அசையாமல் நிற்கும். கிழக்கே கஞ்சமலை. பகல் உச்சியில் ஓடுதளத்தின் மேல் காற்று கொதித்து நெளியும்போது, தொலைவில் இறங்கும் விமானம் சக்கரமில்லாமல் தண்ணீரில் மிதந்து வருவது போலத் தெரியும். முதலில் உருவம் வரும், பிறகு நெடுநேரம் கழித்துச் சத்தம் வரும். அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

விமானங்கள் நான்கு. எல்லாம் ஒரே ரகம். ஒற்றை எஞ்சின், இரண்டு பிளேடு. பதிவெழுத்தைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் பொறுமையில்லை. ஒண்ணாம் வண்டி, ரெண்டாம் வண்டி என்றுதான் பெயர். அந்தப் பெயரை வைத்தவர் பழனியண்ணன். சங்ககிரி லாரிகளில் கிளீனராக இருந்து, டிரைவராகி, முதுகு போன பிறகு எங்கள் கொட்டகையில் உதவியாளாகச் சேர்ந்தவர். வண்டியைத் தள்ளுவது, கட்டுவது, துடைப்பது எல்லாம் அவர் வேலை. விமானத்தை விட்டு இறங்கும் மாணவர்களிடம் "வண்டி மைலேஜ் எப்படீங்க?" என்று கேட்டுச் சிரிக்க வைப்பார்.

எங்கள் பொறுப்புப் பொறியாளர் கோமதி மேடம். ஆத்தூர்ப் பக்கம். விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் உரிமம் அங்கே அவரிடம் மட்டும்தான் இருந்தது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை, ஓடிப் பார்த்ததில்லை. புரொப்பெல்லர் அருகே போனால் முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். கண் மட்டும் நகரும். கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்: "எங்கேருந்து வருது?"

அந்தக் கேள்வி புரிய, இந்தப் புரொப்பெல்லரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டு ஃபேனின் இறக்கை தண்டோடு இறுகியது. அதன் சாய்வு மாறாது. எங்கள் புரொப்பெல்லரில் ஒவ்வொரு பிளேடும் தன் அடியில் திரும்பும். விமானி நீல லீவரை நகர்த்தினால் சாய்வு மாறும். ஏறினாலும் இறங்கினாலும் சுற்றும் வேகம் மாறாமல் நிற்கும். பிளேடின் அடி, நடுவிலுள்ள ஹப்புக்குள் ஒரு பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். பேரிங்கைச் சுற்றிக் கிரீஸ். கிரீஸ் வெளியே வராமலும் மழைநீர் உள்ளே போகாமலும் காக்க ஒரு ரப்பர் சீல். சுற்றும்போது பிளேடு வெளியே பிய்த்துக்கொண்டு ஓடப் பார்க்கும். அந்த இழுவை பல டன். அதைப் பிடித்து நிறுத்துவது, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பேரிங்.

கிரீஸ் அடிக்கும் முறையைக் கோமதி மேடம் பழனியண்ணனுக்கும் எனக்கும் ஒரே நாளில் காட்டினார். ஒவ்வொரு பிளேடுக்கும், கிரீஸ் ஏற்றவென்று, இரண்டு நிப்பிள் முனைகள். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதில் கிரீஸ் கன்னை வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். கழற்றிய துளையில் கிரீஸ் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும்.

பழனியண்ணனுக்கு மனசு ஆறவில்லை. "ஏனுங்க மேடம், லாரிக்கு அடிச்சா பழசெல்லாம் பிதுங்கி வெளிய வரோணும். அப்பத்தான் அதுக்கு வயிறு ரொம்புச்சுனு அர்த்தம்."

"லாரி வயித்துல ஓட்டை இருக்கு பழனி. இதுக்கு இல்ல. ஒண்ணைத் திறக்காம அழுத்தினீங்கன்னா சீல் கிழிஞ்சிரும்."

"பாவம், வாயக் கட்டிப்போட்டுச் சோறு ஊட்டுற மாதிரி."

"அதேதான்."

அதன்பிறகு அவர் ஒருமுறைகூட அதில் தவறவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். சொன்னதை அப்படியே செய்கிற மனிதர் அவர்.

கசிவு பார்ப்பதை நான் கற்றது மூன்றாம் வண்டியில். பறந்து வந்த பிளேடின் பாதி வரைக்கும் மெல்லிய கோடுகளாகக் கிரீஸ் விசிறியிருந்தது. பிளேடு சீல் போய்விட்டது என்று அடித்துச் சொன்னேன். மேடம் கையைப் பின்னால் கட்டியபடி, "சுத்துறப்போ எல்லாம் வெளிப்பக்கமாத்தான் ஓடும். அதனால கறை இருக்கிற இடத்தைப் பார்க்காதே. அதுக்கு உள்ளே, மையத்துப் பக்கம் பாரு" என்றார். புரொப்பெல்லரின் நடுவை மூடியிருக்கும் கூம்பைக் கழற்றிப் பார்த்தோம். ஒரு நிப்பிள் லேசாகத் தளர்ந்திருந்தது. சீலுக்கு ஒன்றுமில்லை. இன்னொன்றும் சொன்னார். பல மெல்லிய கோடுகள் நீளவாக்கில் இருந்தால் அது பறக்கும்போது வந்தது. ஒரே கோடு தரையைப் பார்த்து வழிந்திருந்தால் அது நின்ற பிறகு வந்தது.

"நின்னுக்கிட்டிருக்கும்போது எப்படிங்க மேடம் வரும்?"

"வரக் கூடாது" என்றார்.

நான் சொல்ல வந்தது நடந்த ஆண்டு, ஆயுத பூஜைக்கு மேடம் வழக்கம்போல ஆத்தூருக்குப் போய்விட்டார். நானும் ஊரில் இருந்தேன். திரும்பி வந்தபோது நான்கு வண்டிகளும் பளபளத்தன. சிறகில் மாவிலைத் தோரணம், சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சை, மூக்கில் சந்தனம், ஒவ்வொரு பிளேடின் அடியிலும் அழகாக ஒரு குங்குமப் பொட்டு. எல்லாம் பழனியண்ணன் கைவேலை. மேடம் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "மறுபடி பறக்கும் முன்னால எல்லாத்தையும் துடைச்சிருங்க" என்றார். துடைத்தோம்.

அடுத்த நாள் காலை நாலாம் வண்டியில் அந்தக் கோடு இருந்தது.

புரொப்பெல்லரைக் கிடைமட்டமாக நிறுத்தியிருந்தோம். இடப்பக்கப் பிளேடின் அடியிலிருந்து, பிளேடின் குறுக்கே, தரையைப் பார்த்து ஒரு சிவப்புக் கோடு. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. நான் மேடத்தைக் கூப்பிடுவதற்குள் பழனியண்ணன் வந்துவிட்டார்.

"அட, குங்குமந்தானுங்க சாமி. நாந்தான வெச்சேன். கிரீஸ்ல கலந்து ஒழுகியிருக்குது."

அது நியாயமாகத்தான் பட்டது. துடைத்தேன். வண்டி அன்று பறக்கவில்லை, மழை மூட்டமாக இருந்தது. மறுநாள் காலை கோடு அதே இடத்தில், அதே நீளத்தில் இருந்தது.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கொட்டகைத் தகரம் வெயில் ஏற ஏற டிக் டிக் என்று விரியும். அந்தச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. சிவப்பு, ஈரமாக இருந்தது. பக்கத்து மூன்று வண்டிகளும் சுத்தமாக, வறண்டு நின்றன.

நாலாம் வண்டியில்தான் அபிராமி பறந்துகொண்டிருந்தாள். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவரின் மகள். தனியாக நீண்ட தூரம் பறக்கும் தேர்வு அவளுக்கு அந்த வாரம். ஒவ்வொரு முறை இறங்கியதும் முதல் வேலையாக அப்பாவுக்குப் போன் போடுவாள். அவர் அதுவரை பண்ணையில் யாருடனும் பேசமாட்டாராம். அன்று எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, என் வண்டிக்கு மூக்குல ரத்தமா? சூடு புடிச்சிருச்சாட்ட இருக்குது, எளநி குடுங்க" என்றாள்.

நான் சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை. வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"ரெண்டு பிளேடுக்கும் பொட்டு வெச்சீங்களா பழனி?"

"ஆமாங்க."

"அப்போ ஏன் ஒண்ணுல மட்டும் ஒழுகுது?"

பழனியண்ணன் குனிந்து இரண்டு பிளேடையும் மாறி மாறிப் பார்த்தார்.

மேடம் சொல்லி, புரொப்பெல்லரைக் கையால் அரைச் சுற்றுத் திருப்பினேன். இடப்பக்கம் இருந்தது வலப்பக்கம் போனது. கரைப்பானால் இரண்டையும் கழுவித் துடைத்தேன். அடுத்த காலை கோடு வலப்பக்கத்தில் இருந்தது. அந்தப் பிளேடோடு கூடவே போயிருந்தது.

அன்றிலிருந்து பழனியண்ணன் நாலாம் வண்டிக்கு முதுகு காட்டி நிற்க மாட்டார். அதைத் தாண்டிப் போகும்போது பேச்சை நிறுத்திக்கொள்வார். "இது என்னமோ கேக்குதுங்க சதீசு. சங்ககிரில ஒரு லாரி இப்படித்தான் பம்பருல கறை உட்டுச்சு. பூசணிக்காய் ஒடச்சாப் போயிரும்" என்று என்னிடம் சொன்னார். அடுத்த நாள் நான் வரும்போது வண்டிக்கு முன்னால், சிமென்டுத் தரையில், குங்குமம் கொட்டிய பூசணி நாலாக உடைந்து கிடந்தது. அதன் சிவப்பும் பிளேடில் வழிந்திருந்த சிவப்பும் ஒரே நிறம்.

இன்னொரு விளக்கமும் வந்தது. பயிற்சி கொடுக்கும் கேப்டன் சொன்னார்: இந்த மண்ணே செம்மண், கிரீஸ் பட்ட இடத்தில் தூசி ஒட்டுகிறது, இதற்கெல்லாம் வண்டியை நிறுத்தினால் பள்ளி நடத்த முடியாது. அவர் சொன்னதிலும் தப்பில்லை. நான் ஒரு சிறு காந்தத்தைக் கோட்டில் ஒற்றிப் பார்த்தேன். மயிரிழை போல ஏதோ ஒட்டியது. உலோகம் தேய்கிறது என்று குதித்தேன். மேடம் வாசலுக்கு வெளியே அழைத்துப் போய்த் தரை மண்ணில் அதே காந்தத்தை வைக்கச் சொன்னார். அதிலும் ஒட்டியது. கஞ்சமலை இரும்பு மலை. இந்தச் சமவெளி மண்ணில் அதன் துகள் எங்கும் உண்டு. எங்கள் ஊரில் காந்தம் சாட்சி சொல்லாது.

"ஒண்ணொண்ணாக் கழிச்சுக்கிட்டு வருவோம்" என்றார் மேடம். "முதல்ல குங்குமம்."

பழனியண்ணனிடம் மிச்சமிருந்த குங்குமப் பொட்டலத்தை வாங்கினார். பவானியில் வாங்கியது, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த நாட்டுக் குங்குமம். ஒரு தட்டில் அதைத் துளி கிரீஸோடு குழைத்தார். பக்கத்தில், பிளேடிலிருந்து வழித்த சிவப்பு. பூஜையில் மிஞ்சிய எலுமிச்சம்பழம் ஒன்றை நறுக்கி இரண்டின் மேலும் பிழிந்தார்.

குங்குமம் எங்கள் கண்முன்னே மஞ்சளாக மாறியது. புளிப்புப் பட்டால் மஞ்சள் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். சமையல் செய்கிற யாருக்கும் தெரியும்.

பிளேடிலிருந்து வந்தது மாறவில்லை. சிவப்பாகவே இருந்தது.

"நான் வெச்ச குங்குமம் இல்லீங்களா, அப்ப?" என்றார் பழனியண்ணன். குங்குமமாகவே இருந்திருக்கக் கூடாதா என்று அவர் ஏங்கியது எனக்குத் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இனி மண். வெளியிலிருந்து ஒட்டுகிறதா, உள்ளிருந்து வருகிறதா என்பதுதான் கேள்வி. நான் வீட்டிலிருந்து தறிவெட்டுத் துணி கொண்டுவந்தேன். அம்மா நெய்த வெள்ளைத் துணி, கஞ்சி போடாதது. இரண்டு பிளேடின் அடியையும் கழுவிக் காயவைத்து, துணியைப் பல மடிப்பாக இறுக்கிச் சுற்றி நூலால் கட்டினேன். மேலே பிளாஸ்டிக் உறை. கொட்டகையைச் சாத்தி, மேடம் தன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது, அடிபட்ட ஒருவருக்குக் கட்டுப் போட்டுத் தனியே விட்டு வந்தது போல இருந்தது எனக்கு.

காலையில் மூவரும் சேர்ந்தே உள்ளே போனோம். பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிய தூசி. அதை நீக்கினேன். துணியின் வெளி மடிப்பு வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. அதற்கடுத்ததும். எனக்கு உயிர் வந்தது. பழனியண்ணன் "முருகா" என்று மூச்சு விட்டார். கடைசி மடிப்பை, பிளேடோடு ஒட்டியிருந்ததை, உரித்தேன். அதில் வளைந்த ஒரு சிவப்புக் கறை. ஓரங்களில் மட்டும் தண்ணீர் பரவியது போல வெளிறிய வட்டம்.

இன்னொரு பிளேடின் துணி முழுக்க வெள்ளை.

"துரு" என்றார் மேடம். "உள்ளே பேரிங் துருப்பிடிக்குது. தண்ணியும் துருவும் கலந்து வருது. இதைக் கழட்டணும்." வண்டியின் மூக்கில், பறக்கத் தடை என்னும் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார். கேப்டன் வந்து ஏதோ சொல்லத் தொடங்கி, துணியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

புரொப்பெல்லரைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து, வெளியூரிலுள்ள பழுதுபார்ப்புப் பட்டறைக்கு லாரியில் அனுப்பினோம். ஏற்றும்போது பழனியண்ணன் பெட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டார். அபிராமிக்கு ரெண்டாம் வண்டி ஒதுக்கப்பட்டது. ஒரு கசிவும் இல்லாத வண்டி. மேடமே சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. நம்மால் ஒரு பெண் தப்பித்தாள் என்று அம்மாவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்.

பட்டறையிலிருந்து அழைப்பு வந்தது ஒரு பகல் வேளையில். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தோம். பேசியவர் "முதல்ல வீடியோவைப் பாருங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். மேடம் போனைக் கருவிப்பெட்டி மேல் வைத்தார். மூவரும் குனிந்தோம். ஒரு மேசை. கையுறை போட்ட கைகள் எங்கள் ஹப்பைப் பிளந்தன. உள்ளிருந்து கிரீஸ் வரவில்லை. செங்கல் கரைத்த மாதிரி தண்ணீர் மேசையில் ஓடியது. பேரிங் வளையம் பொரிந்திருந்தது. அதன் குறுக்கே, தலைமுடி போல ஒரு விரிசல். வீடியோ எடுத்தவர் குரல் கேட்டது: "இவ்வளவு தண்ணி மழையில போகாது. யாராச்சும் பிரஷர்ல அடிச்சிருக்கணும்."

மேடம் நிமிர்ந்து பழனியண்ணனைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை.

"பூஜைக்கு எப்படிக் கழுவுனீங்க?"

"வாட்டர் சர்வீஸ் பண்ணுவமுங்க மேடம்." அவருக்கு இன்னும் புரியவில்லை. எங்கள் பக்கம் லாரி வைத்திருக்கிற எவரும் ஆயுத பூஜைக்கு முன் வாட்டர் சர்வீஸ் செய்யாமல் பொட்டு வைப்பதில்லை. தண்ணீரையும் சோப்பாயில் என்னும் சோப்புக் கரைசலையும் பீய்ச்சியடித்து அச்சு, பட்டை, வீல் எல்லாவற்றிலும் ஒரு வருட அழுக்கை எடுத்தால்தான் சாமிக்கு முன் நிறுத்தலாம். "எங்க பழைய பட்டறையில இருந்து மெசினக் கொண்டாந்து சும்மா சோப்பாயில் போட்டு அடிப்பேன். வருசா வருசம் அடிக்கறதுதானுங்க. தரைக்கு அழுக்கு ஆவக் கூடாதுனு காட்டோரம் தள்ளிட்டுப் போயித்தானுங்க கழுவறேன்."

"புரொப்பெல்லர் அடியிலயுமா?"

"அங்கதானுங்களே கிரீஸ் அழுக்கு சேரும். கிட்ட வெச்சு அடிச்சாத்தான் போகுது."

"நாலாம் வண்டிக்கு மட்டுமா?"

கேட்கும்போதே மேடத்தின் குரல் தணிந்துவிட்டது. பழனியண்ணன் சிரிக்கக்கூடப் பார்த்தார். "அதெப்படீங்க மேடம், சாமி காரியத்துல பாரபட்சம் பாக்க முடியும்? நாலுக்குந்தான்."

நான் திரும்பிப் பார்த்தேன். கொட்டகையில் ஒண்ணாம் வண்டி நின்றது. மூன்றாம் வண்டி நின்றது. இரண்டின் பிளேடுகளும் கண்ணாடி போலச் சுத்தம். ரெண்டாம் வண்டி நின்ற இடத்தில் வெறும் தரை.

நாலாம் வண்டியில் ஒரு சீல் தேய்ந்துபோயிருந்தது. அதனால்தான் உள்ளே இருந்தது வெளியே தெரிந்தது. மற்றவற்றில் சீல் நன்றாக இருந்தால், பிரஷரில் சீலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன தண்ணீர் திரும்பி வெளியே வர வழியே இல்லை.

மேடம் ரேடியோ அறைக்கு நடந்தார். அப்போதும் ஓடவில்லை. நான் பின்னால் போனேன். கேப்டனிடம் அவர் சொன்னது சில சொற்கள்தான். கேப்டன் முகம் மாறியது. குரலை மட்டும் மாறாமல் வைத்துக்கொண்டு மைக்கை எடுத்தார்.

"அபிராமி, எங்கே இருக்கே?"

"மேட்டூர் டேமுக்கு மேலங்க சார். தண்ணி நெறையா இருக்குதுங்க, சூப்பரா இருக்குது."

"சரி. இன்னைக்கு இது போதும், நேரா வந்துரு. பவரை இப்ப இருக்கிறபடியே வை. நீல லீவரைத் தொடாதே. இறங்கும்போதும் தொடாதே."

"செக்லிஸ்ட்டுல முன்னால தள்ளச் சொல்லுதுங்களே சார்."

"நான் சொல்றேன். தொடாதே."

"ஏனுங்க சார்?"

கேப்டன் மேடத்தைப் பார்த்தார். மேடம் தலையசைத்தார். "ஒரு சின்னச் சோதனை. வந்தப்புறம் சொல்றேன்" என்றார் கேப்டன். லீவரை நகர்த்தினால் பிளேடு பேரிங்கில் அதிகமாகத் திரும்பும். அந்தப் பேரிங் எந்த நிலையில் இருக்கிறதென்று பூமியில் யாருக்கும் தெரியாது.

ஓடுதளத்தின் ஓரத்தில் போய் நின்றோம். பழனியண்ணனுக்கு அதற்குள் எல்லாம் புரிந்துவிட்டது. சோளக்காட்டு வரப்பில் குந்தி, தலைத்துண்டைக் கழற்றி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். காற்று நின்றிருந்தது. மேட்டூர்ப் புகை கோடு போட்டது போல நின்றது. எனக்கு அப்போதே வலது காது மந்தம்; இடது காதை வடக்குப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டேன். சத்தம் வருகிறது என்று தோன்றும். பிறகு அது எங்கோ ஓடும் போர்வெல் லாரியாக இருக்கும். மறுபடி தோன்றும், மறுபடி இருக்காது.

அப்புறம் அது தெரிந்தது. கொதிக்கும் காற்றில் ஒரு கறுப்புப் புள்ளி, சத்தமே இல்லாமல். பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை, ஒரே இடத்தில் தொங்கியது. எவ்வளவு நேரம் அப்படித் தொங்கியது என்று எனக்குத் தெரியாது. மேடத்தின் கைகள் பின்னால் கட்டியிருந்தன, விரல்கள் வெளுத்திருந்தன. பிறகு ஒரேயடியாகச் சத்தம் வந்தது. ஏற்ற இறக்கமில்லாத, ஒழுங்கான, இனிமையான சத்தம். அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

சக்கரம் தரையைத் தொட்டது. எஞ்சின் நின்றது. பிளேடுகள் இரண்டு முறை ஆடி அசைந்து கிடைமட்டமாக நின்றன.

அபிராமி குதித்து இறங்கினாள். முகமெல்லாம் வேர்வையும் சிரிப்பும். மூக்குக் கூம்பைத் தட்டிக் கொடுத்தாள். "நாலாம் வண்டி மாதிரி இல்லீங்ணா இது, சமத்து. பாருங்க, ஒரு பொட்டுக் கறை இல்ல."

மேடம் கூம்பைக் கழற்றினார். ஸ்பானரை வைத்துக் கீழ்ப்பக்க நிப்பிளைத் திருகினார். நிப்பிள் கையோடு வந்தது. துளையில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தேன் நிறத்தில் நல்ல கிரீஸ் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. என் நெஞ்சு லேசானது. மேடம் ஒரு மெல்லிய கம்பியால் அதை நெகிழ்த்திவிட்டார். கிரீஸ் கட்டி பொத்தென்று விழ, அதன் பின்னால் சிவப்புத் தண்ணீர் சூடாக வடிந்தது. நூல் போல வந்தது, நிற்கவில்லை. சோப்பாயில் வாசம் லேசாக அடித்தது.

வரப்பிலிருந்து எழுந்து வந்த பழனியண்ணன் அதைப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அபிராமி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தரையில் சேர்ந்துகொண்டிருந்த சிவப்பைப் பார்த்தாள். நீல லீவர் ஏன் என்று அவள் மறுபடி கேட்கவில்லை. அவள் கையிலிருந்த போன் ஒலித்தது. இறங்கியதும் வரவேண்டிய அழைப்பு வராததால் அவள் அப்பாவே கூப்பிட்டிருந்தார்.

"எறங்கீட்டனுங்கப்பா" என்றாள். அவர் ஏதோ கேட்டார். அவள் கண்ணை அந்தத் துளையிலிருந்து எடுக்கவே இல்லை.

"இல்லீங்கப்பா. நல்லாத்தான் ஓடுச்சு. ஒண்ணுமே தெரியலீங்கப்பா."